மூடப்படும் துறைகளும் கும்மிடிப்பூண்டியின் உலைகளும்

"சேர ஆளில்லை. அதனால் மூடுகிறோம்." கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு உயர்கல்வியில் ஒரு துறையை முடித்துவைக்க இந்த இரண்டு வாக்கியங்கள் போதுமானவையாக இருக்கின்றன. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் துறைகளில் கவுன்சலிங் முடிந்த பிறகும் இடங்கள் மிச்சம் கிடக்கின்றன; கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் செக்யூரிட்டி ஆகியவற்றுக்கோ போட்டி; ஆகவே முன்னதைக் குறைத்துப் பின்னதைக் கூட்டுவதே காலத்துக்கேற்ற நிர்வாகம் என்கிறார்கள். கல்லூரித் தாளாளர் சொல்கிறார், கல்வி ஆலோசகர் சொல்கிறார், ஜூன் மாதம் பிறந்தால் தொலைக்காட்சிகள் சொல்கின்றன, இப்போது பெற்றோரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் இதே வாதம் வேறு பெயர்களோடு நடக்கிறது: வரலாறு, இயற்பியல், கணிதம் போகட்டும், பி.சி.ஏ.வும் பி.காமும் வரட்டும்.

சேர்க்கை குறைந்திருப்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து இவர்கள் வந்தடையும் முடிவு தவறு. எவ்வளவு தவறு என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தில் நின்று பார்த்தால் புரியும். ஒரு பல்கலைக்கழகம் எந்தத் துறையை வைத்திருக்க வேண்டும், எதை விடலாம் என்பதை ஓர் ஆண்டின் கவுன்சலிங் பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது என்பதே என் வாதம்.

முதலில், இந்த மனப்போக்கு பல்கலைக்கழகத்தின் உச்சிவரை எட்டிவிட்டதைக் காட்டிய ஒரு நிகழ்வு. 2023 மே மாதம் அண்ணா பல்கலைக்கழகம் தன் உறுப்புக் கல்லூரிகளில் 11 இடங்களில் தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் படிப்புகளை அந்தக் கல்வியாண்டு முதல் நிறுத்துவதாக அறிவித்தது. சொன்ன காரணம், சேர்க்கை குறைவு. எதிர்ப்பு கிளம்பியதும் அறிவிப்பு உடனடியாகத் திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தமிழ்வழிப் படிப்புகள் 2010இல் தொடங்கியவை. அதே 2010இல்தான் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. ஒரு படிப்பைத் தொடங்கி, அதற்கு வேலைக் கதவையும் சட்டத்தால் திறந்துவைத்து, பதின்மூன்றாவது ஆண்டில் ஆள் வரவில்லை என்று கைவிடத் துணிந்தார்கள். ஏன் வரவில்லை? தமிழில் தரமான பாடநூல்கள் எத்தனை எழுதப்பட்டன, தமிழில் நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர், அந்த 20 சதவீதத்தைப் பற்றி அரசுப் பள்ளிகளின் பிளஸ் டூ வகுப்பில் யார் போய்ச் சொன்னார்கள்? இந்தக் கேள்விகளை எழுப்பி விடை கண்ட பிறகு எடுத்த முடிவாக இருந்திருந்தால், முதல் எதிர்ப்பிலேயே அதைக் கைவிட்டிருக்க மாட்டார்கள். காலி இருக்கைகளை எண்ணினார்கள், கையெழுத்திட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அரசுப் பல்கலைக்கழகம் செய்ததால் அது செய்தியானது. தனியார் கல்லூரிகளில் இது ஆண்டுதோறும் ஓசையில்லாமல் நடக்கிறது. முதலில் 120 இடங்கள் 60 ஆகும். பிறகு 30. ஓய்வு பெறும் பேராசிரியரின் இடம் நிரப்பப்படாது. மிச்சம் இருப்பவர்களை முதலாண்டு மாணவர்களுக்கு இன்ஜினியரிங் கிராபிக்ஸ் எடுக்க அனுப்புவார்கள். பட்டறையில் லேத்துகள் ஓடுவது நிற்கும். கடைசியில் ஒரு விண்ணப்பம், பல்கலைக்கழகத்தின் தடையின்மைச் சான்று, ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதல். முப்பது ஆண்டுத் துறை ஒன்று முடிந்துபோனதாக எந்த நாளிதழிலும் நாலு வரி வராது.

இப்போது திருவள்ளூருக்கு வருவோம். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் பாதையைப் பற்றி யோசித்துப் பாருங்கள். எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை கடந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்: உருக்காலைகள், ரோலிங் மில்கள், வார்ப்பாலைகள், ரசாயனத் தொழிற்சாலைகள். மேற்கே தேர்வாய்கண்டிகையில் மிஷ்லின் டயர் ஆலை. திருவள்ளூரை ஒட்டி மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர். ஆவடியில் 1960களிலிருந்து டாங்கி செய்துவரும் கனரக வாகனத் தொழிற்சாலை. காக்களூர் தொழிற்பேட்டையில் சிறு தொழில்கள். இரும்பு, ரப்பர், மின்சாரம், ரசாயனம், துறைமுகம் எல்லாம் இவ்வளவு நெருக்கமாக அமைந்த மாவட்டம் தமிழ்நாட்டில் வேறெது? இந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம்தான் "மெக்கானிக்கலுக்கு எதிர்காலம் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டியில் உருகும் இரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள உருக்காலைகளில் பெரும்பாலானவை இன்டக்‌ஷன் ஃபர்னஸில் பழைய இரும்பை, அதாவது ஸ்கிராப்பை, உருக்கி பில்லட்டாக வார்த்து, அதை ரோலிங் மில்லில் டி.எம்.டி. கம்பியாக இழுப்பவை. இன்டக்‌ஷன் ஃபர்னஸ் அடிப்படையில் உருக்கும் கருவி. சுத்திகரிக்கும் கருவி இல்லை. உள்ளே போடும் ஸ்கிராப்பில் பாஸ்பரஸும் கந்தகமும் இருந்தால் அவற்றை அது எளிதில் வெளியேற்றாது. செம்பு கலந்திருந்தால் அது கடைசிவரை எஃகிலேயே தங்கிவிடும். கட்டடக் கம்பிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1786, எஃப்.இ. 500டி வகைக் கம்பியில் பாஸ்பரஸ் 0.040 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் கம்பி உடையும் இயல்பைப் பெறும். நிலநடுக்கத்தில் வளைந்துகொடுக்க வேண்டியது முறியும். எந்த ஸ்கிராப்பை எந்த விகிதத்தில் போடுவது, உருகிய மாதிரியை ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்து என்ன சேர்ப்பது, ரோலிங் முடிந்து செக்கச்செவேல் என்று வரும் கம்பியின் மேல் எவ்வளவு தண்ணீரை எவ்வளவு நேரம் பாய்ச்சினால் மேல்தோல் கடினமாகி உள்பகுதி நெகிழ்வாக இருக்கும் என்பதெல்லாம் உலோகவியல். சென்னையில் எழும்பும் அடுக்குமாடிகளின் தூண்களுக்குள் இந்தக் கம்பிதான் நிற்கிறது. உலோகவியலை முழுநேர இளநிலைப் பட்டமாகத் தரும் கல்லூரிகளைத் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம்: திருச்சி என்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி, சென்னை ஐ.ஐ.டி. போன்ற சில. இவ்வளவு உலைகள் எரியும் வடதிருவள்ளூரில் அந்தத் துறையைத் திறப்பதைப் பற்றிய பேச்சே எழவில்லை. இருக்கும் மெக்கானிக்கலைக் குறைப்பதைப் பற்றித்தான் பேச்சு.

"அந்த ஆலைகளுக்கு டிப்ளமோ படித்தவரும் வடமாநிலத் தொழிலாளியும் போதும், பொறியாளர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உலையடியில் உழைக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளியின் உயிர் யாருடைய அறிவை நம்பி இருக்கிறது என்பதே என் எதிர்க்கேள்வி. ஈரமான ஸ்கிராப் உருகிய உலோகத்துக்குள் விழுந்தால் வெடிக்கும். மூடிய குழாயோ உருளையோ கலந்திருந்தாலும் வெடிக்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். குழாயின் அரிப்பைக் கணிப்பவர், வால்வின் அழுத்தத்தைச் சோதிப்பவர், கசிந்த பிறகு காற்றிலும் நீரிலும் அதன் அளவை அளப்பவர் எல்லாரும் கெமிக்கல், மெக்கானிக்கல், வேதியியல் வகுப்பறைகளிலிருந்துதான் வர வேண்டும். வேறெங்கிருந்து வருவார்கள்? இவ்வளவு ஆபத்தான தொழில்களை ஒரே கரையில் அடுக்கிவைத்திருக்கும் மாநிலம், அவற்றைப் புரிந்துகொள்ளும் துறைகளைச் சந்தையின் தயவில் விட்டுவிட முடியாது.

அடுத்து, "சந்தை சொல்கிறது" என்ற வாதம். சந்தை எப்போது என்ன சொன்னது என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 2000ஆம் ஆண்டை ஒட்டி டாட்காம் குமிழி உடைந்தபோது, ஐ.டி. எடுத்த பிள்ளைகள் வேலையின்றி நின்றார்கள். பெற்றோர் வேறு துறைகளைத் தேடினார்கள். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகும் கணினித் துறைகள் மீது நம்பிக்கை சரிந்தது. 2010களின் முதல் பாதியில் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் மாணவர்கள் முந்தியடித்துக் கேட்ட துறை மெக்கானிக்கல். அப்போது எத்தனையோ கல்லூரிகள் மெக்கானிக்கலுக்கு இடங்களைக் கூட்டின, புதிய பட்டறைகளைக் கட்டின. பத்தே ஆண்டுகளில் அதே கல்லூரிகள் அந்தப் பட்டறைகளுக்குப் பூட்டுப் போடுகின்றன. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் பணியாளர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. இன்று முதலாண்டு சேரும் மாணவர் வெளியே வர நான்கு ஆண்டுகள் ஆகும். சேரும் ஆண்டின் கூச்சலைக் கேட்டுத் துறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் வெளிவரும் ஆண்டில் ஏமாந்து நின்றதை ஒரே தலைமுறையில் இரண்டு முறை பார்த்துவிட்டோம். பதினேழு வயதுப் பிள்ளை அந்த அலையில் அடித்துச் செல்லப்படுவதை மன்னிக்கலாம். பல்கலைக்கழகம் அடித்துச் செல்லப்படுவதை மன்னிக்க முடியாது. அலைக்கு அப்பால் நின்று பார்ப்பதற்காகத்தான் அதற்குக் கல்விக் குழுவும் ஆட்சிக்குழுவும் இருக்கின்றன.

தவிர, இந்தத் தேவை தானாக முளைத்ததும் கிடையாது. 2018இல் பி.வி.ஆர். மோகன் ரெட்டி தலைமையிலான குழு, வழக்கமான துறைகளில் இடங்களைப் பெருக்க வேண்டாம், செயற்கை நுண்ணறிவு போன்ற புதிய துறைகளை ஊக்குவியுங்கள் என்று ஏ.ஐ.சி.டி.இ.க்குப் பரிந்துரைத்தது. 2024-25 முதல் நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பே நீக்கப்பட்டது. உடனே பெயர்பெற்ற பெரிய கல்லூரிகள் கணினி சார்ந்த இடங்களை ஏற்றிக்கொண்டே போயின. சிறிய ஊர்க் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கக்கூடிய மாணவர், பெரிய கல்லூரியில் எளிதாகக் கிடைக்கும் கணினி இடத்துக்குப் போனார். சிறிய கல்லூரியின் மெக்கானிக்கல் வகுப்பு காலியானது. விதியை மாற்றி உண்டாக்கிய பள்ளத்தைக் காட்டி "பாருங்கள், மாணவர்களுக்கு விருப்பமில்லை" என்று சொல்வது நேர்மையான வாதமாகுமா?

கல்லூரி நிர்வாகத்தின் பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மெக்கானிக்கல் துறைக்கு லேத்து வேண்டும், மில்லிங் மெஷின் வேண்டும், வெப்ப ஆய்வகம் வேண்டும், பாய்ம இயந்திர ஆய்வகம் வேண்டும், அவற்றைப் பராமரிக்கும் ஆள் வேண்டும். சிவிலுக்குக் கான்கிரீட் சோதனைக்கூடமும் சர்வே கருவிகளும் வேண்டும். கணினி சார்ந்த பிரிவுகளைப் பெயர் மாற்றிப் பெயர் மாற்றி நாலு திறந்தாலும் அதே கணினிக் கூடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆகக் குறைந்த செலவில் ஆக அதிகமான கட்டணம் வரும் பிரிவு எதுவோ அதுவே "எதிர்காலத் துறை" என்று விளம்பரப் பலகையில் ஏறுகிறது. தனியார் நிர்வாகம் அப்படிக் கணக்குப் போடுவது எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்தக் கணக்குக்குக் கல்விக் கொள்கை என்று முத்திரை குத்திக் கொடுக்கும் பல்கலைக்கழகம்தான் கேள்விக்குரியது.

அந்தப் புதிய துறைகளில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்றாவது யாராவது பார்த்தார்களா? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஓர் உண்மையை வெளிக்கொண்டு வந்தது: அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது. பிறகு பல்கலைக்கழகமே ஆராய்ந்து, சுமார் 2,000 ஆசிரியர் இடங்களில் 189 பேரின் பெயர்களே திரும்பத் திரும்ப வந்திருப்பதாக அன்றைய துணைவேந்தர் சொன்னார். ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்கு எந்தப் பெயர்ப்பலகை மாட்டினாலும் உள்ளே கல்வி நடக்காது. நேற்றுவரை மெக்கானிக்கல் எடுத்தவரைக் கோடைவிடுமுறையில் ஒரு குறுகிய பயிற்சிக்கு அனுப்பி, ஜூலையில் தரவு அறிவியல் ஆசிரியராக நிறுத்தினால், இழப்பு இரண்டு பக்கமும். நல்ல மெக்கானிக்கல் ஆசிரியர் போனார். நல்ல தரவு அறிவியல் ஆசிரியர் வரவில்லை. செயற்கை நுண்ணறிவு முக்கியமான அறிவு. அதைக் கற்பிக்கத்தான் வேண்டும். மெக்கானிக்கல் மாணவருக்கும் கற்பிக்க வேண்டும், வேளாண் மாணவருக்கும் கற்பிக்க வேண்டும். ரோலிங் மில்லில் கம்பியின் மேற்பரப்புக் குறையைக் கேமரா வைத்துக் கண்டறியும் நிரலை எழுத, நிரலும் தெரிய வேண்டும், கம்பியும் தெரிய வேண்டும். கம்பியைப் பற்றிக் கற்பிக்கும் துறையை மூடிவிட்டு நிரலை மட்டும் கற்பித்தால் அந்த மாணவர் மில்லுக்குள் வந்து எதைக் கண்டறிவார்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் நகர்ந்தால் இந்தக் கட்டுரை எழுதியதில் பயனில்லை. "மெக்கானிக்கல் படித்தவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் என்ன சம்பளம் தருகிறார்கள்? பயிற்சியாளர் என்று எடுத்து, கான்ட்ராக்டில் வைத்து, மூன்று ஷிப்டும் வேலை வாங்கி, வருஷம் முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்கள். என் பிள்ளையை அதற்கா அனுப்பச் சொல்கிறாய்?" இப்படிக் கேட்கும் தாய் தகப்பனிடம் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. அவர்கள் சொல்வது நடப்பு. தொழிற்சாலைகள் திறமையான ஆள் கிடைக்கவில்லை என்று மேடையில் வருந்துகின்றன. கிடைத்த ஆளுக்கு வாழ முடிந்த சம்பளத்தைத் தர மறுக்கின்றன. ஆனால் இந்த நோய்க்கு மருந்து எங்கே இருக்கிறது? பயிற்சியாளர் என்ற பெயரில் நிரந்தர வேலையை நடத்துவதைத் தொழிலாளர் துறை தடுக்க வேண்டும். சிப்காட்டில் நிலமும் மின்சாரச் சலுகையும் வாங்கும் நிறுவனத்திடம் எத்தனை உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு நிரந்தர வேலை, என்ன சம்பளம் என்று எழுதி வாங்க வேண்டும். தேர்வாய்கண்டிகையில் மேய்ச்சல் நிலமும் காடும் போகிறதே என்று ஊர் மக்கள் போராடியபோது, தொழில் வந்தால் வேலை வரும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில். அந்த வேலைக்குத் தகுதி தரும் படிப்பையும் பக்கத்துக் கல்லூரியில் மூடிவிட்டால் அந்த மக்களுக்குக் கொடுத்த வாக்கில் என்ன மிஞ்சும்? சம்பளக் குறைவு ஒரு கூலிப் பிரச்சினை. துறையை மூடுவதால் கூலி உயராது. உள்ளூர்ப் பிள்ளை மேற்பார்வையாளராகும் வாய்ப்புதான் போகும். அந்த நாற்காலியில் வெளியூரிலிருந்து வருபவர் உட்காருவார், கேட்டில் காவல் வேலைக்கு உள்ளூர்க்காரர் நிற்பார்.

யார் இழக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நகரத்து வசதியான குடும்பத்துக்கு ஒரு கல்லூரியில் துறை மூடினால் இன்னொரு கல்லூரி, இன்னொரு ஊர், இன்னொரு நாடு. ஊத்துக்கோட்டையிலோ பழவேற்காட்டிலோ அரசுப் பள்ளியில் படித்து, 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைக்கு, பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ள கல்லூரியே உலகம். பெண்பிள்ளை என்றால் அந்தத் தூரம் இன்னும் குறுகும். அந்தக் கல்லூரியில் உள்ள ஆறு பிரிவுகளும் கணினியின் ஆறு பெயர்கள் என்றால், அவர் "விரும்பித் தேர்ந்தெடுத்தார்" என்று எப்படிச் சொல்வது? தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது, நான் முதல்வன் திட்டத்தில் குறுகியகாலப் பயிற்சி இருக்கிறது, மைனர் டிகிரி இருக்கிறது" என்றும் சொல்கிறார்கள். நல்ல துணைகள் அவை. ஆனால் வெல்டிங் பிடிப்பின் நுண்கட்டமைப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழகுவதற்கும், ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கான்கிரீட் கனசதுரம் நொறுங்கும் ஓசையைக் கேட்டு அதன் வலுவைப் படிப்பதற்கும் திரை போதாது. துறை என்பது பாடத்திட்டத்தோடு முடிவதில்லை. இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியர், கருவிகளின் குணம் தெரிந்த ஆய்வக உதவியாளர், ஆலைகளில் இருக்கும் பழைய மாணவர்கள், அவர்கள் மூலம் வரும் புராஜெக்டுகள் எல்லாம் சேர்ந்தது அது. கலைத்துவிட்டால் மறுபடி சேராது.

2006இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையை மூட முன்வந்தது. மாணவர் விருப்பம் வேறு பக்கம் போகிறது என்பதே அங்கும் சொல்லப்பட்டது. அந்தத் துறையில் பணியாற்றி 1996இல் நோபல் பரிசு பெற்ற ஹாரி குரோட்டோ வெகுண்டெழுந்தார், மாணவர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து போராடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. நோபல் பரிசு வாங்கிய துறைக்கே காவலுக்கு ஆள் தேவைப்பட்டது என்றால், புதுவாயலிலோ திருத்தணியிலோ உள்ள ஒரு துறைக்கு யார் குரல் கொடுப்பார்கள்?

நம் சொந்த வரலாறே இந்தச் "சந்தை" வாதத்தைப் பொய்யாக்குகிறது. 1949இல் குரோம்பேட்டையில் சி. ராஜம் தன் சொத்தை விற்று எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். அங்கே வைத்த பாடங்கள்: விமானப் பொறியியல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன். சுதந்திரம் அடைந்து இரண்டே ஆண்டுகள். விமானப் பொறியாளர் வேண்டும் என்று அன்று எந்தச் சந்தை விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தது? அந்த விமானப் பொறியியல் துறையில்தான் 1950களில் அப்துல் கலாம் படித்தார். 1944இல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் எழுந்த ஏ.சி. டெக்கில் ரசாயனப் பொறியியலும் துணித் தொழில்நுட்பமும் தோல் தொழில்நுட்பமும் கற்பிக்கப்பட்டன. தோல் துறையில் எந்தக் காலத்திலும் கூட்டம் அலைமோதியதில்லை. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிலுக்கு அதுதான் அறிவுத் தளம். இந்த நிறுவனங்கள் கிண்டிப் பொறியியல் கல்லூரியோடும் கட்டடக்கலைப் பள்ளியோடும் சேர்ந்து 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் ஆயின. தேவை வரும் முன்பே துறையைத் திறந்தவர்களின் வாரிசு இந்தப் பல்கலைக்கழகம்.

நம் மாவட்டத்திலேயே இன்னும் சான்றுகள் இருக்கின்றன. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி நடக்கிறது. பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கத்தில். கொடுவள்ளியில் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி. மாதவரம் பால்பண்ணையின் வழிவந்த அறிவு அது. திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம். இவற்றையெல்லாம் இடத்தைப் பார்த்து வைத்தார்கள். அதே பார்வை உலோகத்துக்கும் ரப்பருக்கும் துறைமுகத்துக்கும் ஏன் வரக் கூடாது? டயர் ஆலை இருக்கும் மாவட்டத்தில் ரப்பர் தொழில்நுட்பம் படிக்க விரும்பும் பிள்ளை குரோம்பேட்டைவரை போக வேண்டியிருக்கிறது.

கலை அறிவியல் பக்கம் சுருக்கமாக. இயற்பியலையும் கணிதத்தையும் மூடும் கல்லூரிகளிடம் ஒரே கேள்வி: இன்னும் பத்தாண்டுகளில் மீஞ்சூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ இயற்பியலை யார் எடுப்பது? அந்த ஆசிரியர் இல்லாவிட்டால், உங்கள் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்குக் கணிதம் தெரிந்த மாணவர் எங்கிருந்து வருவார்? வரலாற்றைப் பற்றிச் சொல்வதென்றால், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கு அகழாய்வு செய்த சாந்தி பப்புவின் குழு, அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் உலகுக்கு அறிவித்தது. கொற்றலை ஆற்றங்கரையில் இவ்வளவு பெரிய செல்வம் கிடக்கும் மாவட்டத்தில், வரலாற்றுப் பாடத்துக்கு வேலை இல்லை என்று சொல்லும் கல்லூரி நிர்வாகி ஒருமுறை பூண்டி அருங்காட்சியகத்துக்குப் போய் வரட்டும். சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மண்ணின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அப்படியானால் மாற்றமே கூடாதா? கூடும். மாற்றாமல் தூங்கும் பாடத்திட்டத்துக்காக நான் வாதாடவில்லை. 1990களின் பாடங்களை அப்படியே ஒப்பித்து, ஆலைக்குள் ஒருமுறைகூட அழைத்துச் செல்லாமல் பட்டம் கொடுத்த மெக்கானிக்கல் துறைகளும் சேர்க்கை சரிந்ததற்குக் காரணம். கோவை பி.எஸ்.ஜி.யில் பல்லாண்டுகளாகச் சாண்ட்விச் முறையில் பி.இ. நடக்கிறது, மாணவர் வகுப்பிலும் தொழிற்கூடத்திலும் மாறி மாறிப் படிக்கிறார். கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் ரயிலில் போய்விடும் தூரம். இங்கே அந்த முறையைத் தொடங்கினால், உதவித்தொகையோடு ஆலையில் படிக்கும் மாணவருக்கு மெக்கானிக்கல் மீது நம்பிக்கை வரும். மாணவர் குறைந்தால் 60 இடத்தை 30 ஆக்குங்கள், பூஜ்யம் ஆக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் ஒரு பெரிய ஆய்வகத்தைச் சேர்ந்து வைத்துக்கொள்ளட்டும். ஒரு வட்டாரத்தில் ஒரு துறையை நடத்தும் கடைசிக் கல்லூரி அதை மூட விண்ணப்பித்தால், பல்கலைக்கழகம் அதற்கு அனுமதி மறுத்து, துறையைக் காக்கப் பண உதவி செய்யட்டும். மூடும் ஒவ்வொரு துறைக்கும் காரணம் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும்: பத்தாண்டுச் சேர்க்கை, முந்தைய மாணவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், வட்டாரத் தொழில்களின் தேவை, ஆசிரியர்களின் கருத்து. இவை இல்லாத விண்ணப்பம் கல்விக் குழுவின் மேசைக்கே வரக் கூடாது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதே பொறுப்பில் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள்: அடுத்த கல்வியாண்டுக்கான மூடல் விண்ணப்பங்கள் உங்களிடம் வரும்போது, கவுன்சலிங் பட்டியலோடு சேர்த்து அந்தக் கல்லூரியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு கையெழுத்திடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். 2023 மே மாதம் ஓர் அறிவிப்பைத் திரும்பப் பெற முடிந்தது, மக்கள் கேட்டார்கள் என்பதால். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பெற்றோரே, உங்கள் ஊர்க் கல்லூரியில் ஒரு துறை மூடப்படுகிறது என்று கேள்விப்பட்டால், உங்கள் பிள்ளை அதில் படிக்காவிட்டாலும், ஏன் என்று போய்க் கேளுங்கள்.